வள்ளி அளந்த சந்து

அத்தியாயம் 11

"பாக்கலாம்" என்ற ஒற்றைச் சொல்லை வீசிவிட்டு வேலுச்சாமி அண்ணாச்சி கடைக்குக் கிளம்பிப் போனதும், மகள் வள்ளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அண்ணாச்சி வாயிலிருந்து வரும் 'பாக்கலாம்', 'மாட்டேன்' என்பதற்குத் தங்கை முறை. கோவில் கொடைக்கு நன்கொடை கேட்டு வருகிற சங்கத்துக்காரர்களுக்கே அது தெரியும். பெற்ற மகளுக்குத் தெரியாதா?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கனகவள்ளி என்கிற வள்ளி எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பாடம் பூகோளம். வருகிற திங்கட்கிழமை வகுப்பே மகாபலேஷ்வர் மலைக்கு முகாம் போகிறது. அங்கே தங்கி, நடந்து, அளந்து, படம் வரைந்துகொண்டு வரவேண்டும். முகாமுக்குப் போகாதவர்களுக்குப் பட்டம் கிடையாது. பேராசிரியர் ஜஹாங்கீர் தம் மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறார். ஆனாலும் வயசுப் பெண்ணை மலைக்கு அனுப்புவதா? சனிக்கிழமை காலைக்குள் வள்ளி வருவாளா மாட்டாளா என்று பேராசிரியரிடம் சொல்லியாக வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். அந்த வீட்டில் பெண்பிள்ளை எது வேண்டுமானாலும் அம்மா வழியாகத்தான் கேட்பாள். ரிப்பன் வாங்குவதிலிருந்து காலேஜில் சேருவது வரைக்கும் மாடத்தியம்மாள்தான் தூது. முகாம் விஷயத்தையும் அவள்தான் கேட்டாள். பதிலும் அவளுக்குத்தான் வந்தது.

"டாக்டருக்குப் படிச்சா ஊசி போடலாம். வக்கீலுக்குப் படிச்சா கோர்ட்டுல நிக்கலாம். பூகோளம் படிச்சவ என்ன செய்வா? உலகம் உருண்டைன்னு சொல்லுததுக்கு ஒரு எம்.ஏ. வேணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் அண்ணாச்சி அந்தப் 'பாக்கலா'மைச் சொன்னார்.

மாடத்தியம்மாளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. வள்ளிக்கும் முழுசாகத் தெரியாது என்பதுதான் உண்மை. அவளும் விசாரிக்காமல் இல்லை. போன வருஷம் முடித்தவர்களில் மாட்டுங்கா ஜம்புநாதன் ஒரு காலேஜில் விரிவுரையாளர். இன்னொருவன் விமானக் கம்பெனியில் டிக்கெட் எழுதுகிறான். ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு நாக்பூர் போய்விட்டாள். மேப் வரைகிற ஆபீஸ்களில் வேலை உண்டாம். ஆனால் பெண்களை மலைக்கும் காட்டுக்கும் அனுப்ப மாட்டார்களாம், மேசையில் உட்கார்த்திவிடுவார்களாம். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னால் 'டிக்கெட் எழுதவா ஆறு வருஷம்?' என்பார்.

அவளுக்கு வேலை முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டு அரித்தது. பி.ஏ. முதல் வருஷத்திலிருந்து அவள் மலைகளை வரைகிறாள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் ஒரு கோட்டால் இணைத்து, கோட்டுக்குள் கோடாக வளைத்துக்கொண்டே போனால் காகிதத்தில் ஒரு மலை எழுந்து நிற்கும். அப்படி எத்தனையோ மலைகளை எழுப்பியிருக்கிறாள். ஒன்றின் மேலும் ஏறி நின்றதில்லை. ஊருக்குப் போகும் ரயில் மலையேறும்போதெல்லாம் அம்மா மடியில் தூங்கிப்போயிருக்கிறாள். கிருஷ்ணா நதி மகாபலேஷ்வரில் ஒரு சின்ன ஊற்றாகப் பிறக்கிறது என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள், அந்தத் தண்ணீரில் ஒரு தடவை கை நனைக்க மாட்டோமா என்று ஏங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை. தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை இன்னும் முழுசாக எழும்பாத நேரம். வள்ளி தங்கள் சந்தின் முனையில் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, அதன் மேல் வரைபலகையைத் திருகி நிறுத்தினாள்.

முகாமுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு தெருவை அளந்து படம் போட்டுக் காட்ட வேண்டும் என்பது பேராசிரியரின் கட்டளை. மற்றவர்கள் மாட்டுங்காவையும் தாதரையும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே தெருக்கள் கோடு போட்ட நோட்டு மாதிரி நேராக ஓடும். வள்ளியைத் தனியாக அவ்வளவு தூரம் யார் விடுவார்கள்? அவள் தன் சந்தையே எடுத்துக்கொண்டாள். அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அதில் குடியிருக்கிறவர்களுக்கே சந்தேகம்.

அளவு நாடாவின் மறுமுனையையும், குறி பார்ப்பதற்கு நிறுத்தும் கோலையும் பிடிக்க எதிர்வீட்டு சகாயராணி வந்திருந்தாள். டெலிபோன் ஆபீசில் வேலை. அன்றைக்கு லீவு.

"நான் கோலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். நீ பலகையைப் பாத்துக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கே. பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?" என்று சிரித்தாள்.

"கண்ணடிக்கல. குறி பாக்கேன். ஆடாம நில்லு."

பார்க்கிறவர்கள் நினைக்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்று காலைக் கண்டதும் முதலில் போட்டோ பிடிக்கிறார்கள் என்று எண்ணி, சகாயராணியின் அம்மா லூசியம்மாள் அவசரமாக முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். மேலே பெட்டியைக் காணோம், வெறும் பலகை. அதில் தன் வீட்டு மூலைக்கு நேராக ஒரு கோடு. லூசியம்மாளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. சுனாபட்டிப் பக்கம் ரோடு போட வந்தவர்களும் இதே மூன்று காலைத்தான் நிறுத்தினார்களாம். வீடுகளை இடித்துவிட்டு மாற்று இடம் கொடுத்தபோது, வாசல் பெரிதாக இருந்தவனுக்குப் பெரிய அறையாகக் கொடுத்தார்களாம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். அந்தச் சந்தில் அப்படி யாரும் கேட்பதில்லை.

"ஏட்டி வள்ளி, முனிசிபாலிட்டியில சேந்துட்டியா? சொல்லவே இல்லியே!"

"ஐயோ அத்தை, இது காலேஜ் பரீட்சைக்கு."

"சரி சரி, பரீட்சைக்குத்தான்" என்று லூசியம்மாள் கண்ணைச் சிமிட்டினாள். உண்மையான ஆபீசர் என்றைக்குத் தன்னை ஆபீசர் என்று சொல்லியிருக்கிறான்?

மதியம் வள்ளி சாப்பிட வீட்டுக்குள் போனாள். அந்த இடைவேளை போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்து, சந்தின் நடுவில் பலகையை நிறுத்திக் குறி பார்த்தபோது கணக்கு உதைத்தது. காலையில் நாடா பிடித்து அளந்த அகலம் ஒன்று. இப்போது கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் வேறு. அழித்துவிட்டு மறுபடி பார்த்தாள். இன்னும் மோசமாக வந்தது. ஆறு வருஷம் படித்து ஒரு சந்தை அளக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. இந்த லட்சணத்தில் மலைக்குப் போக ஆசை வேறு!

"சகாயம், இந்தச் சந்து காலையில இவ்வளவு குறுகலாவா இருந்துச்சு?"

சகாயராணி அப்போதுதான் சுற்றிப் பார்த்தாள். "அடி பாவி! எங்க வீட்டுக் கதவு எப்ப இங்க வந்துச்சு?"

லூசியம்மாள் முன்வாசல் சாக்குப் படுதாவை ஒரு எட்டு முன்னால் கொண்டுவந்து கட்டியிருந்தாள். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரமும் மூங்கிலோடு நகர்ந்து சந்துக்கு மேலே ஆடியது. தையல்காரர் ஹனீப் பாய் மெஷினை வெளியே போட்டு, தலைக்கு மேல் தகரமும் நிறுத்தி, ரொம்ப வருஷமாக அங்கேயே உட்கார்ந்து தைக்கிறவர் மாதிரி ஒரு பைஜாமாவை ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு தண்ணீர் டிரம்மும் கட்டிலும் வெளியே வந்துவிட்டன. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நடந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

வள்ளிக்குச் சிரிப்பு வந்தது. சந்து முனையில் இருந்த தங்கள் பலசரக்குக் கடையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அவளுடைய அப்பா, யாருக்கும் ஒரு குந்துமணி தவறாக நிறுத்துப் போடாத வேலுச்சாமி அண்ணாச்சி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தெருவில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆபீசரம்மா வந்தாச்சு!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அண்ணாச்சி நிமிர்ந்தார். அந்த முகத்தை வள்ளி அதுவரை பார்த்ததில்லை. கல்லாவுக்குப் பின்னால் தான் மட்டுமே உட்காரும் ஸ்டூலைக் கையால் துடைத்து வெளியே எடுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. காலையிலேர்ந்து வெயில்ல நிக்கே. ஹனீப், அந்த ஈரானி கடையில ஒரு சோடா சொல்லு!"

வள்ளி உட்கார்ந்தாள். காலே தரையில் பாவவில்லை. அப்பா அவளை 'உட்கார்' என்று சொன்னதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. கடைக்கு வந்தால் 'வீட்டுக்குப் போ' என்றுதான் சொல்வார்.

"எம் மக எம்.ஏ. பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி, கூடியிருந்தவர்களிடம். "சர்க்காரு வேலை. பின்னால ஜீப்பு, குவார்ட்டர்ஸ், பென்ஷன் எல்லாம் உண்டு. நான்தான் படி படின்னு படிக்க வச்சேன்."

வீட்டு வாசலில் நின்ற மாடத்தியம்மாள் இதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த மலைக்கு என்னைக்குப் போகணும்?" என்று அண்ணாச்சி மகளையே நேராகக் கேட்டார். "திங்களா? போய்ட்டு வா. நான் சரின்னு சொல்லிட்டேன்னு ஒங்க சார்கிட்ட சொல்லு. கம்பளி வேணும்னா தாதர்ல எடுத்துக்கிடலாம்."

கிடைத்துவிட்டது. இத்தனை நாள் ராத்தூக்கம் இல்லாமல் ஏங்கியது ஒரு சோடா உடைக்கிற நேரத்தில் கைக்கு வந்துவிட்டது. மலை, அதன் மேல் குளிர், அந்த ஊற்று எல்லாம் ஒரே மூச்சில் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன.

அண்ணாச்சி குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நம்ம கடைக்கு ஒரு நாலடி சேத்துப் போட்டுரு. லூசி வீட்டுக்கும் ஹனீப்புக்கும் நான் சொல்லிட்டேன், எம் மக பாத்துக்கிடுவான்னு."

வள்ளி சோடாவைக் கீழே வைத்தாள்.

"அய்யா, இது..."

"தெரியும் தெரியும். வெளியில சொல்லப்படாது" என்று அவரும் கண்ணைச் சிமிட்டினார்.

அவள் எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மாடத்தியம்மாள் கேட்டுவிட்டு, உலையில் அரிசியைப் போட்டாள்.

"வாயை மூடிக்கிட்டு மலைக்குப் போய்ட்டு வா. வந்த பொறவு சொல்லிக்கிடலாம்."

"பொய்யில்லையாம்மா?"

"நீயா சொன்னே? அவங்களா நெனச்சாங்க. ஒங்க அய்யா வாயில சரின்னு வந்திருக்கு. இன்னொரு தடவை வருமா? தை பொறந்தா தாணேயிலேர்ந்து பொண்ணு பாக்க வாராவ. அதுக்குப் பொறவு எந்த மலை, எந்த ஊத்து?"

அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. வள்ளிக்கு அது ரொம்பப் பிடித்தும் இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். ஆசைப்பட்ட மனசுக்கு நியாயம் கண்டுபிடிக்கவா தெரியாது?

அந்த நேரத்தில்தான் சகாயராணி கொல்லைப் பக்கமாக வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அம்மா திலக் நகர் ரூமு வேண்டாம்னுட்டா."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவர்கள் செம்பூர் திலக் நகருக்குக் குடிபோக ஏற்பாடாகியிருந்தது. ஜன்னல் வைத்த அறை, உள்ளேயே குழாய். சகாயராணி ஒரு வருஷமாக அந்த ஜன்னலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"முனிசிபாலிட்டியே பெரிய ரூமா குடுக்கப் போவுதாம். இதை விட்டுட்டுப் போறவ மடச்சியாம். நாளைக்கே போய் வேண்டாம்னு சொல்லிட்டு வரப் போறா. நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன், இது வெறும் பரீட்சைன்னு. 'ஆபீசரோட சேந்துக்கிட்டு நீயும் மறைக்கியா'ன்னு கேக்கா. நீ ஒங்க அய்யாகிட்ட சொல்லேன். அவரு சொன்னா நம்புவா."

"சொன்னா நான் மலைக்குப் போக முடியாது சகாயம்."

சகாயராணி அவளைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட வள்ளிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அதுவும் சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டாள்.

வள்ளி பலகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "எங்கட்டி?" என்ற அம்மாவின் குரலுக்கு அவள் திரும்பவில்லை.

கடைகளில் விளக்கேற்றும் நேரம். அண்ணாச்சி வாசலில் பாதிச் சந்து கூடியிருந்தது. ஹனீப் பாய் நாளைக்குச் செங்கல் இறக்கி முன்சுவரைப் பக்காவாக எழுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வள்ளி பலகையை அரிசி மூட்டை மேல் வைத்தாள்.

"அய்யா, எல்லாரும் கேளுங்க. நான் எந்த ஆபீசுலயும் இல்ல. இது என் பரீட்சைக்கு வரைஞ்சது. சார் மார்க் போட்டுட்டு அலமாரியில வச்சுப் பூட்டிருவாரு. முனிசிபாலிட்டி இதைப் பாக்கவே பாக்காது."

ஹனீப் பாய் சிரித்தார். "மேலிடத்து உத்தரவு போல. பொண்ணு என்ன கெட்டியா இருக்கு பாருங்க அண்ணாச்சி!" எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணாச்சியின் முகத்தில் பெருமை இன்னும் ஒரு படி கூடியது.

இல்லை என்று சொல்லச் சொல்ல ஆபீசர் பெரிதாகிக்கொண்டே போனால் ஒருத்தி என்னதான் செய்வாள்? வள்ளி பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்தாள். பலகையிலிருந்த படத்தை அழிக்கத் தொடங்கினாள். முதலில் தங்கள் கடை போயிற்று. பிறகு லூசியம்மாள் வீடு, ஹனீப் பாயின் மூலை, வளைந்து போகும் சந்து. இனி முதலிலிருந்து அளக்க வேண்டிய ஒரு நாள் வேலை, ரப்பர் தூளாகப் பறந்தது.

"ஏ... ஏம்மா, சர்க்காரு அளவை அழிக்கியே!" என்றார் ஹனீப் பாய். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. சர்க்கார் அளவை எந்த ஆபீசரும் ரப்பரால் அழிக்க மாட்டான்.

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சற்று நேரத்தில் தகரம் இழுபடும் சத்தமும், டிரம் உருளும் சத்தமும் சந்து முழுக்கக் கேட்டன. லூசியம்மாள், "சேசுவே, நல்ல வேளை, நாளைக்கு நான் போயிருந்தா..." என்று முணுமுணுத்தபடி படுதாவை அவிழ்த்தாள்.

அண்ணாச்சி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். ஊர் முன்னால் ஜீப்பும் பென்ஷனும் சொன்ன வாய் இப்போது இறுகிக் கிடந்தது. அப்பா திட்டியிருந்தால் தேவலை என்று வள்ளிக்குத் தோன்றியது. அவர் ஒரு மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தார். அடுத்ததற்குக் குனிந்தபோது வள்ளியும் ஒரு முனையைப் பிடித்தாள். அவர் தடுக்கவில்லை.

கடைசி மூட்டை உள்ளே போனதும் கேட்டார்.

"அப்ப இதைப் படிச்சா என்னதான் வேலை கெடைக்கும்?"

"காலேஜுல வாத்தியார் வேலை கெடைக்கலாம். மேப் ஆபீசுல உக்காந்து வரையலாம். ஒண்ணுமே கெடைக்காமலும் போகலாம். எனக்குத் தெரியலய்யா."

"தெரியாம எதுக்குட்டி படிக்கே?"

அம்மா பக்கத்தில் இல்லை. தூது போக யாரும் இல்லை. வள்ளியே வாயைத் திறந்தாள்.

"பாக்கணும்யா. ஆறு வருஷமா மலையை வரையுதேன். ஒரு மலை மேல நின்னதில்ல. ஒரு ஆறு பொறக்குத எடத்தை என் கண்ணால பாக்கணும். அதுக்குத்தான் படிக்கேன். வேலை கெடைச்சா நல்லது. கெடைக்காட்டியும் நான் அதைப் பாத்திருப்பேன்."

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். மகள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. ஸ்டூலை எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மத்தியானம் நான் சரின்னு சொன்னது ஒரு ஆபீசருக்கு" என்றார். "எம் மகளுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல."

வேறொரு நாளாக இருந்தால் வள்ளி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போயிருப்பாள். அன்றைக்கு அவள் கல்லாவுக்கு எதிரில் வந்து, சாமான் வாங்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள்.

"இப்பச் சொல்லுங்கய்யா" என்றாள்.